தாக்குதலுக்கு இருபத்தைந்து மதிப்பெண்

அமுதவல்லி இரண்டு முறை பெயிலானதற்குக் காரணம், அந்த அம்மா அவளை அடிக்காமல் விட்டதுதான்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். கும்பகோணத்திலிருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டு, "சரி விடும்மா, மூணாவது தடவையாச்சும் அடி வாங்கிட்டு வா" என்றார். மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால் வாரியத்தில் வேலை கிடையாது என்பதும் ஆறு மாதப் படிப்பு தண்ணீரில் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குடும்பப் பாதுகாப்பு வாரியத்தின் பயிற்சி நிலையம் சேலத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு அணிக்கு எண்பது பேர். எண்பது பேரும் கற்றுக்கொள்வது ஒரே வேலை. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டும், அங்கிருக்கும் குழந்தை அங்கேயே இருக்கலாமா என்று பார்க்க வேண்டும், இருக்கக் கூடாது என்றால் தூக்கிக்கொண்டு வர வேண்டும். முன்பெல்லாம் இதை நிஜ வீடுகளில், நிஜக் குழந்தைகளை வைத்துத்தான் பழகினார்கள். கற்றுக்குட்டி செய்த தப்பெல்லாம் ஏதாவதொரு குழந்தையின் தலையில் விடிந்தது. அந்தப் பாவம் வேண்டாம் என்றுதான் வாரியம் பயிற்சிப் பிரதிகளைச் செய்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாரியத்தின் நோக்கங்களில் என்றைக்குமே குறை இருந்ததில்லை.

வாரியத்திடம் குழந்தையை இழந்த ஒரு தாயை உட்காரவைத்துப் பதினான்கு மணி நேரம் பேசவிடுவார்கள். அவள் முகம், மூச்சு, நாடித்துடிப்பு, எந்தக் கேள்விக்கு எங்கே பார்க்கிறாள் என்பது வரை எல்லாம் பதிவாகும். அதிலிருந்து இயந்திரம் இன்னொரு தாயைச் செய்யும். இந்தத் தாயிடம் எதைக் கேட்டாலும், அந்தத் தாய் என்ன சொல்வாளோ, என்ன செய்வாளோ, அதையே செய்வாள். கண்ணில் ஒரு கவசம், உடம்பில் ஒரு சட்டை, கன்னத்தில் ஒரு பட்டை. மாட்டிக்கொண்டால் அவள் வீட்டுக்குள் நிற்கலாம். ஹாஸ்டலில் படிக்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் டம்மி அம்மா.

இறுதித் தேர்வுக்கு ஏழாம் எண் அம்மா. ஊர் திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொண்ட பாலவாடியை மூடிவிட்டார்கள். லைன் வீட்டு அறைக்குள் பிள்ளையை வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டாவது தடவை பூட்டியபோது பக்கத்து வீட்டிலிருந்து வாரியத்துக்கு போன் போனது. தேர்வெழுதுகிறவருக்கு இவ்வளவுதான் சொல்வார்கள், நிஜப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

நேரம் இருபது நிமிடம். கவனிப்புக்கு இருபத்தைந்து மதிப்பெண், உரையாடலுக்கு இருபத்தைந்து, அறிக்கைக்கு இருபத்தைந்து, தாக்குதலைக் கையாளுவதற்கு இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து எடுத்தே ஆக வேண்டும். கடைசிப் பகுதி, அந்த அம்மா கை நீட்டினால்தான் திறக்கும். நீட்டாவிட்டால் பூஜ்யம்.

அமுதவல்லி போனாள், தரையில் உட்கார்ந்தாள், பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டாள். ஏழு முதலில் முறைத்தது. அப்புறம் ரசம் சாதம் என்றது. அப்புறம் பேசிக்கொண்டே போனது. பதினேழாவது நிமிடத்தில், "பாத்துக்கறக்கு ஒரு எடம் இருந்தா நான் ஏனுங் மேடம் பூட்டப் போறேன்? நீங்களே ஒரு எடம் சொல்லுங்" என்று அழுதது. அமுதவல்லிக்கும் கண் கலங்கியது. கவசத்தைக் கழற்றினால் திரையில் 'முழுமையடையாத அமர்வு' என்று இருந்தது. இரண்டாவது தடவை ஏழு தானாகவே பிள்ளையை அவள் கையில் கொடுத்து, ஒரு மாதம் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அதுவும் முழுமையடையாத அமர்வு.

தேர்வாளரிடம் போய் முறையிட்டாள்.

"நெஜத்துல அடிப்பாங்கம்மா. அப்ப நீ என்ன செய்வேன்னு நாங்க பாக்க வேணாமா?" என்றார் அவர்.

"அவங்க அடிக்கலையே சார்."

"அப்ப நீ அவங்கள அந்த எடத்துக்குக் கொண்டுபோகலைன்னு அர்த்தம்." அவருக்கு டீ வந்துவிட்டது, அதோடு பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் அறைத் தோழி ஷபானா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். வேலூர்க்காரி, முதல் தடவையிலேயே பாஸ் ஆனவள்.

"ஏய், உனக்கு நெஜமாவே அந்த வரி தெரியாதா? நான் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

"என்ன வரி?"

"ஏழுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. பதினோரு மாசத்துல ஜுரத்துல போயிடுச்சு. பத்தாவது நிமிஷம், 'மூத்தது செத்தப்பவும் இப்படித்தான் பூட்டிட்டுப் போயிருந்தியா'ன்னு கேளு. அவ்ளோதான். பளார்னு ஒண்ணு விழும்."

"அப்படியா பூட்டிட்டுப் போனாங்க?"

"சேச்சே. ஆஸ்பத்திரில, இவ மடிலதான் செத்துச்சு. அதனாலதான்டி அடிக்கிறா."

பதினான்கு மணி நேரப் பதிவில் அந்த இடத்தில்தான் நாடித்துடிப்பு கூரையைத் தொட்டிருக்கிறது. முதல் அணியில் எவனோ ஒரு கெட்டிக்காரன் அதைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து போகிற அணி வருகிற அணிக்கு வாளி, கொசுவலையோடு சேர்த்து அந்த வரியையும் கொடுத்துவிட்டுப் போனது. குழந்தைகளைக் காப்பாற்றவென்று வந்தவர்கள் அத்தனை பேரும் செத்த குழந்தையைச் சொல்லித்தான் பாஸ் ஆனார்கள். யாருக்கும் அதில் தூக்கம் கெடவில்லை.

"எப்படிடி அதச் சொல்றது?" என்றாள் அமுதவல்லி.

"அது டம்மி. ஆஃப் பண்ணா எல்லாம் மறந்துடும். நீ பெயிலானா உனக்கு மறக்குமா?"

மூன்றாவது தேர்வில் அவள் தரையில் உட்காரவில்லை. பத்தாவது நிமிடத்தில் அந்த வரியைச் சொன்னாள். ஏழு அசையாமல் பார்த்தது.

"என்ன சொன்னீங்க?"

அது சரியாகக் கேட்கவில்லையோ என்ற பயத்தில் அமுதவல்லி மறுபடியும் சொன்னாள், இந்த முறை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. ஷபானா கூட ஒரு தடவைதான் சொல்லச் சொல்லியிருந்தாள். அறை விழுந்தது. கன்னத்துப் பட்டை சுரீரென்றது. அவள் ஒரு அடி பின்னால் வைத்து, இரு கைகளையும் விரித்துக் காட்டி, குரலைத் தாழ்த்தி, படித்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. அணியில் முதலிடம். அவளுடைய பதிவை அடுத்த அணிக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்துத் திருப்பூர்ப் பிரிவில் அவள் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. கோகிலவாணி, வயது முப்பத்தொன்று. மகள் தன்ஷிகா, வயது ஆறு, இரண்டு வருடமாக வாரியத்தின் இல்லத்தில் இருக்கிறாள். இறுதி மறுஆய்வு. இதில் தாயிடம் திருப்பிக் கொடுக்கவில்லையென்றால் குழந்தை தத்துப் பட்டியலுக்குப் போகும். கோயம்புத்தூரில் ஒரு தம்பதி தயாராக இருந்தார்கள். பெயரை மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு தாய் தேடக் கூடாது.

அமுதவல்லி கோப்பிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். முகபாவம் முக்கியம் என்பதால் பிரதிகளுக்கு முகத்தை மாற்றுவதில்லை. ஏழு அங்கிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அபாய எண் எழுபத்தொன்று என்று போட்டிருந்தது. அறுபதுக்கு மேல் போனால் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: மொத்த அமர்வு முன்னூற்றுப் பதினெட்டு, தாக்குதல் முன்னூற்றுப் பதினெட்டு.

அவள் கோப்பைத் தூக்கிக்கொண்டு பிரிவு அதிகாரி தாமோதரனின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர், யாரையும் அதிர்ந்து பேச மாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், இது பயிற்சில எடுத்த அமர்வு. இது எப்படி இந்தம்மா கோப்புல வந்துச்சு?"

"வராம? ஒரு மனுஷிய முன்னூறு தடவ நேர்ல சீண்டிப் பாக்க முடியுமா? பிரதியச் சீண்டலாம். ரத்தம் எடுத்து லேப்ல பாக்கறதில்லையா, அந்த மாதிரிதான். அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்குதே."

"பயிற்சிக்குன்னுதானே சார் கையெழுத்து வாங்கினோம்?"

"பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும்னு இருக்கும், பாரும்மா."

அவள் பார்த்தாள். இருந்தது.

"எல்லாரும் ஒரே வரியச் சொல்லித்தான் சார் அடிக்க வெச்சோம். நானும்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ நான் ஒழுங்கா பேசினேன், ரெண்டு தடவையும் அவங்க அடிக்கல. அது இந்தக் கோப்புல வரவே இல்ல."

"முழுமையடையாத அமர்வு எதுலயும் வராது." தாமோதரன் பருப்பைச் சோற்றில் பிசைந்தார். "நீ அந்த வரியப் பத்தி எழுதோணும்னா தாராளமா எழுது, நான் தடுக்கல. ஆனா எழுதினா என்னாகும்னு யோசிச்சுக்க. அப்படிப் பாஸ் பண்ணினவங்க சான்றிதழ் எல்லாம் செல்லாது. உன்னுது மொதல்ல போகும். அவங்க முடிவெடுத்த பிள்ளைங்க அத்தனையும் மறுபடி நடுத்தெருவுக்கு வரும். ஒரு பிள்ளைக்காக அத்தனையுமான்னு மேல கேப்பாங்க."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவருக்கே மனம் இளகிவிட்டது.

"இங்க பாரு, இன்னொரு வழி இருக்குது. நேர்காணல் நீதானே நடத்தற? பதிவான தாக்குதலப் பத்தி நீ கேக்கோணும், அது விதி. அந்தம்மா அப்படியெல்லாம் இல்லைன்னு மறுத்து, கடைசி வரைக்கும் அமைதியாவும் இருந்துச்சுன்னா, நீ பதினஞ்சு வரைக்கும் கொறைக்கலாம். எழுபத்தொண்ணுல பதினஞ்சு போனா அம்பத்தாறு. பிள்ளை வீட்டுக்குப் போயிரும், உன் வேலையும் இருக்கும். ஒத்துக்கிட்டாத்தான் கொறைக்க முடியாது. செய்யாதத யாரு ஒத்துக்கப் போறாங்க?"

அமுதவல்லிக்கு அப்பாடா என்றிருந்தது. யார் வேலையும் போக வேண்டாம், யாரும் கெட்டவளாக வேண்டாம். இல்லத்துக்கு போன் செய்து, புதன்கிழமை தன்ஷிகாவை அலுவலகத்துக்கே அழைத்து வரச் சொன்னாள், துணிமணியையும் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். முடிந்த கையோடு தாயிடம் ஒப்படைத்துவிடலாம் என்று ஆசை.

புதன்கிழமை பத்தரைக்குக் கோகிலவாணி வந்தாள். இஸ்திரி போட்ட நீலச் சேலை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பதில் சொல்லும் முன் கீழுதட்டைக் கடிப்பாள் என்பது அமுதவல்லிக்கு முன்பே தெரியும். அழுகை வந்தால் இடது கையால்தான் துடைப்பாள் என்பதும் தெரியும். கோகிலவாணிக்கு இவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்து அறையில் பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியாது.

மேஜை மேல் பதிவுப் பலகை இருந்தது. இருவர் பேச்சையும் அது எழுத்தாக்கிக்கொண்டே வரும். ஓரத்தில் ஒரு விளக்கு பச்சையாக எரிந்தால் அமைதி என்று பொருள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. கம்பெனி மாறிவிட்டாள், புதுக் கம்பெனியிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. வாரியம் நடத்தும் பெற்றோர் வகுப்புக்கு ஒரு வாரம் தவறாமல் போகிறாள். விளக்கு பச்சையாகவே இருந்தது. அமுதவல்லி விதிப்படியான கேள்விக்கு வந்தாள். ஒரு சம்பிரதாயம் என்பதுபோல, லேசான குரலில், வேகமாகப் படித்தாள்.

"வாரிய அலுவலர்கள நீங்க அடிச்சதாப் பதிவு இருக்கு. அதப் பத்தி என்ன சொல்றீங்க?"

படிக்கும்போதே, இல்லையென்று சொல் என்று தலையை மெல்ல ஆட்டிக் காட்டினாள். வாயால் சொல்லிக்கொடுத்தால் பலகை பிடித்துவிடும். ஆனால் கோகிலவாணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சாடையை அவள் பார்க்கவில்லை.

"அடிச்சனுங்களா? ஆரைங் மேடம்?"

தாய் கேட்டால் விவரம் சொல்லியாக வேண்டும், அதுவும் விதி. பலகையில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அதிக மதிப்பெண் பெற்ற அமர்வு முதலில் இருந்தது.

"என்னை" என்றாள் அமுதவல்லி.

"உங்களையா?" கோகிலவாணி நிமிர்ந்தாள். "நாம இன்னிக்குத்தானுங்களே பாக்கறம்?"

அமுதவல்லியின் கை அவளையறியாமல் கன்னத்துக்குப் போயிருந்தது. கோகிலவாணி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பாப்பாவத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு ஏழெட்டுப் பேரு வந்தாங்கொ. எனக்குக் கண்ணே தெரியலீங். ஆரு வந்தாங்க, ஆரு போனாங்கன்னு ஒண்ணுமே நாவகமில்லீங். அதுல நீங்களும் இருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அமுதவல்லி கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் இல்லையென்றால், அப்புறம் எங்கே அடித்தாள், ஏன் அடித்தாள் என்ற கேள்வி வரும். பலகை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தது.

அவள் பேசாமல் இருந்ததைக் கோகிலவாணி தன் வழியில் புரிந்துகொண்டாள். கீழுதட்டைக் கடித்தாள்.

"வகுப்புல சொல்லுவாங்கொ. தப்ப மறைக்கப்படாது, மொதல்ல ஒத்துக்கோணும், ஒத்துக்கறவங்களுக்குத்தான் பிள்ளைய நம்பிக் குடுப்பாங்கன்னு. நான் ஒத்துக்கறனுங் மேடம். தெரியாம அடிச்சுப்போட்டனுங். வேணும்னு அடிச்சிருக்க மாட்டனுங், பாப்பாவக் கொண்டுட்டுப் போறாங்களேன்னு வெறில பண்ணிருப்பேன். இனிமேப்பட்டு ஆரு மேலயும் கை வெக்க மாட்டனுங். பாப்பா மேல சத்தியமா."

நாற்காலியை விட்டு இறங்கி, மேஜையைச் சுற்றி வந்து, அமுதவல்லியின் காலைத் தொட்டாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. பலகையில், 'ஒப்புதல் பெறப்பட்டது. அலுவலர் திருத்தம் இருப்பின் முப்பது வினாடிக்குள் கூறவும்' என்று வந்தது. எண்கள் இறங்கத் தொடங்கின.

சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இவர் என்னை அடிக்கவில்லை, செத்துப்போன இவர் குழந்தையைச் சொல்லி நான்தான் ஒரு பிரதியை அடிக்க வைத்தேன். பத்து வினாடிகூட ஆகாது. அமுதவல்லி அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. பதினெட்டு. கும்பகோணத்தில் அல்வா வாங்கிச் சாப்பிட்டவர்களின் முகங்கள் வந்தன. பதினொன்று. நான் சொல்லாவிட்டால் என்ன, இந்த அம்மாவேதானே ஒத்துக்கொண்டாள் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் நெஞ்சு லேசானது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டதை நினைத்து அவள் வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. நான்கு. மூன்று.

"ஒரே ஒரு வார்த்த, மன்னிச்சேன்னு சொல்லுங் மேடம்" என்றாள் கோகிலவாணி, காலை விடாமல்.

பலகை மூடிக்கொண்டது. அபாய எண் எழுபத்தொன்று, குறைப்பு இல்லை.

"மன்னிச்சிட்டேன்" என்றாள் அமுதவல்லி. "எழுந்திருங்க."

கோகிலவாணி எழுந்தாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவள் முகமே விரிந்துவிட்டது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வெளியே கிளம்பத் தயாரானவளாக நின்றாள்.

"அப்ப பாப்பாவ இன்னிக்கே கூட்டிட்டுப் போயரலாங்களா மேடம்?" என்று கேட்டாள்.